வகை ஒதுக்கியவர்

புது ரப்பரின் வாசனை. அதோடு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் தூவும் வெள்ளைப் பொடியின் வாசனை. முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் குக்கருக்கு ரப்பர் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஆணியில் தொங்கிய கொத்தை இறக்கி என் முகத்துக்கு நேரே நீட்டி, "எந்தக் குக்கருக்கு?" என்றார். "அஞ்சு லிட்டரா, மூணு லிட்டரா, மூடி உள்ள போறதா, மேல மூடறதா? சொன்னாத்தான குடுக்க முடியும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரப்பர் வாங்காமலே கருவடிக்குப்பம் திரும்பினேன். ஏன் வாங்கவில்லை என்று மனைவி கேட்டாள். கடை சாத்தியிருந்தது என்றேன். இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும்.

அந்த வாசனைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆள் உயரத்துக்கு மேலே எழும்பிய இரும்பு அடுக்குகள், நடுவில் ஒரு மேசை, பொருள் கொடுக்கக் கம்பி வலையில் வெட்டிய சின்னச் சதுரம். ஊருக்கு மேற்கே இருந்த ஒரு சோப்பு ஆலையின் உதிரிபாகக் கிடங்கு அது. அவரை ஆலையில் எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், அவ்வளவுதான். முதலியார்பேட்டைக்காரர். அப்பா பஞ்சாலையில் நூல் சுற்றியவர். ஆலை மூடியபிறகு வீட்டில் சம்பாதிக்க மிஞ்சியது இந்தப் பெண்தான் என்பதால், சோப்புக்குக் காகிதம் சுற்றும் வேலைக்கு வந்தவர், மெல்ல மெல்லக் கிடங்குக்குள் நகர்ந்து, நான் பார்த்தபோது இருபது வருஷமாக அந்தச் சதுரத்தின் உட்பக்கம் இருந்தார்.

நான் வெளிப்பக்கத்து ஆள். ஆலைகளில் இருக்கும் பொருள்களின் விவரங்களை எல்லாம் ஒரு மென்பொருளுக்குள் ஏற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. பழைய எக்செல் பட்டியலை வாங்குவேன். ஒரு பொருளுக்கு ஒரு வரி. பெயர், அளவு, இருப்பு. அதை மென்பொருள் கேட்கும் வடிவத்துக்கு மாற்றி ஏற்ற வேண்டும். அது கேட்பதில் மற்றதெல்லாம் காலியாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் பொறுக்காது. அதுதான் வகை. திருகாணியா, பேரிங்கா, பெல்ட்டா, ஒழுகாமல் அடைக்கும் சீலா, என்னவென்று சொல்லியாக வேண்டும். சொல்லாத வரியைச் சிவப்பாக்கித் திருப்பியடிக்கும். சொன்னால் வேறொன்று செய்யும்: பெயரும் அளவும் வகையும் ஒன்றாக இருக்கிற இரண்டு வரிகளைப் பார்த்தால், இரண்டும் ஒரே பொருள் என்று தானே முடிவுகட்டி, ஒரே எண்ணில் சேர்த்துவிடும். சேர்த்ததைச் சொல்லாது. நமக்கு வரிகள் குறைந்த மாதிரி, வேலை சுத்தமான மாதிரி ஒரு திருப்தி மட்டும் கிடைக்கும். அந்தத் திருப்தியில்தான் நான் பல வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

அக்காவின் கிடங்கில் எந்தப் பொருளையும் பெயர் சொல்லி வாங்க முடியாது. அவர் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே போடப் போகிறாய்? அதற்குப் பதில் வராமல் கை அடுக்குப் பக்கம் போகாது. குருசுக்குப்பத்திலிருந்து வரும் ஒரு ஃபிட்டர் இருந்தார். கடலுக்குப் போகும் குடும்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே ஆள். வலைக்கு வெளியே முழங்கை ஊன்றி நின்று அவர் அக்காவை வம்புக்கு இழுப்பதைக் கேட்கவே நான் மடிக்கணினியை அந்த மேசையில் வைத்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

"ஐம்பது எம்எம் ரிங்கு ரெண்டு குடு."

"எங்க போடப் போற?"

"என் கழுத்துல. இன்னாக்கா, ரிங்கு கேட்டா ஜாதகம் கேக்குற. பொண்ணு பாக்கவா வந்துருக்கேன்?"

"எந்தப் பம்புன்னு சொல்லு, தரேன். இல்லன்னா போய் மீன் புடி."

"காஸ்டிக்கு பம்பு தாயே."

சோப்புக்கான எரிகாரத்தை ஓட்டும் பம்பு என்று பதில் வந்தபிறகுதான் அவர் எழுந்திருப்பார். ஃபிட்டர் என் பக்கம் திரும்பி, "முசியே, உங்க கம்ப்யூட்டரு இப்படிலாம் கேக்காதே?" என்பார். பிரெஞ்சுத் துரைகளைக் கூப்பிட்ட அந்தப் பழைய சொல்லைப் பேன்ட் சட்டை போட்டு வெளியிலிருந்து வருகிற எல்லோருக்கும் அவர் சூட்டிவிடுவார். கேட்காது, எண்ணைத் தட்டினால் பொருள் வந்துவிடும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

மூன்று வாரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிகள். நான் வரியைப் படிப்பேன், அவர் வகை சொல்வார், நான் தட்டுவேன். ஆரம்பத்தில் 'சார்' என்றவர் இரண்டாவது வாரத்தில் 'தம்பி' என்றார். அவர் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சோறு என் டப்பா மூடிக்கு வந்தது. அவர் கணக்குப்படி உலகத்துப் பொருள்கள் உருவத்தால் பிரியவில்லை, போய்ச் சேரும் இடத்தால் பிரிந்தன. ஒரே மாதிரி இரண்டு திருகாணிகளில் ஒன்று கொதிகலனுக்கு, மற்றது கூரைத் தகட்டுக்கு. அவருக்கு அவை இரண்டு. என் பட்டியலில் ஒன்று. இதைப் பேசிப் பேசி ஒவ்வொரு வரியாகச் சமாதானம் செய்துகொண்டோம். கடைசியில் சமாதானம் ஆகாத முந்நூறு வரிகள் மிஞ்சின. பெரும்பாலும் ரப்பர் சாமான்கள்.

அவற்றை மேசைமேல் கொட்டிக் காண்பித்தார். கறுப்பு வளையங்கள். ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஒரு கட்டில் மஞ்சள் நூல், ஒரு கட்டில் வெள்ளை நூல். "மஞ்ச நூலு காஸ்டிக்குக்கு. வெள்ள எண்ணெ லைனுக்கு. பாத்தா ரெண்டும் ஒண்ணு கணக்காத்தான் இருக்கும். எண்ணெ ரிங்க எடுத்துக் காஸ்டிக்குல போட்டோம்னா ஒரு வாரத்துல எறுகிப் பொளந்துக்கும். சூடா உள்ள ஓடுதுல்ல." நூல் எதுவும் பட்டியலில் இல்லை. எந்த ரப்பரால் ஆனது என்பதும் இல்லை. மற்ற வளையங்களையும் இப்படி ஒவ்வொன்றாக இயந்திரத்தோடு வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். ஆனால் அவர் மகளுக்கு முதல் பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆயுத பூஜை முடிந்ததும் இரண்டு வாரம் விடுப்பு எழுதியிருந்தார். "தெரியாததுக்கு வகை போடாதீங்க தம்பி. அந்த முந்நூறும் வெளியவே நிக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன். செய்வீங்கல்ல?" செய்வேன் என்றேன். அப்போது அதைச் சொன்னது உண்மையாகத்தான்.

ஆயுத பூஜையன்று மென்பொருளைத் தொடங்க வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். கடைசல் எந்திரத்துக்கும் பம்புக்கும் வைப்பதுபோல் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அவர் கையாலேயே பொத்தானை அழுத்த வேண்டும். ஆலையின் அத்தனை பொருளும் திரையில் வர வேண்டும். பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் முந்நூறு சிவப்பு வரிகள். "நல்ல நாளும் அதுவுமா செகப்பு செகப்பா நிக்குதே. முதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்றது? நாலு மணிக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஒருவேளை நான் மறுத்திருப்பேன்.

வகையை ஏற்றி ஒப்புதல் கொடுக்கும் உரிமை கிடங்குப் பொறுப்பாளரின் கணக்குக்கு மட்டும்தான் இருந்தது. அக்கா அப்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிடங்கின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மற்ற பெண்கள் அடுக்குகளுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்று கூப்பிட்டேன். ஈரக் கையைக் காட்டினார். "நீங்களே அடிச்சிக்கோங்க தம்பி" என்று கடவுச்சொல்லைச் சத்தமாகவே சொல்லிவிட்டு விளக்குமாற்றைத் தேடிப் போனார். எட்டாயிரத்து எழுநூறு வரிகளுக்கு ஒப்புதல் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் அவர் கணக்குக்குள் போய், முந்நூறில் முதல் வரியின் வகைக் கட்டத்தில் 'சீல், பொது' என்று தட்டினேன். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். விரலை எடுக்காமல் ஒரே இழுப்பு. ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. சிவப்பெல்லாம் போய்விட்டது. முந்நூறு வரிகள் இருநூற்றுச் சொச்சமாகச் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அக்கா திரும்பி வந்ததும் பிரித்துக்கொள்ளலாம், இரண்டு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். மறுநாள் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். முதலாளி பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார்.

நான்கைந்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. மருத்துவமனைத் தாழ்வாரம், பின்னால் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளும் சத்தம். மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம். அந்த நேரத்திலும் கேட்டார்: "தம்பி, அந்த முந்நூறையும் வெளியவே வுட்டுட்டீங்கல்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அவர் உடனே ஆலைக்கு ஒரு போன் போட்டிருப்பார், வளையக் கட்டுகளைத் தொட வேண்டாம் என்றிருப்பார், முடிந்திருக்கும். நான் யோசித்தது அவரைப் பற்றியல்ல, வளையங்களைப் பற்றியும் அல்ல. திட்டு வாங்குவோமே என்று யோசித்தேன். நாற்பது வயது ஆணுக்கு, பிரசவ அறை வாசலில் நிற்கும் ஒரு பெண்ணிடம் திட்டு வாங்க வெட்கம்.

"விட்டுட்டேன்கா" என்றேன்.

"நல்லா இருங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் கிடங்கில் அவருக்குப் பதில் உட்கார்ந்தவர், புது எண்கள் அச்சடித்த வில்லைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் நூல் கட்டுக்கும் வெள்ளை நூல் கட்டுக்கும் ஒரே எண் வந்தது. நூலை அவிழ்த்து இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டினார். அவர்மேல் தப்பில்லை, திரை சொன்னதைச் செய்தார். ஃபிட்டர் வந்து கேட்டபோது எங்கே போடப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணைத் தட்டினார்கள், வளையம் வந்தது. அக்காவின் விடுப்பு முடிய ஒரு நாள் இருக்கும்போது காஸ்டிக் பம்பு ஒழுகுகிறது என்று ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். குனிந்து பார்த்திருக்கிறார். வளையம் பிளந்து, சூடான எரிகாரம் முகத்தில் அடித்தது. வலது கண் அன்றே போயிற்று. இடது கண் பாதி மிஞ்சியது.

விசாரணை மேலாளரின் அறையில் நடந்தது. மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, அக்கா, நான். என் மடிக்கணினியைத்தான் சுவரில் காட்டினார்கள். அந்த வளையத்தின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். அதன் கீழே மென்பொருள் தன் வழக்கப்படி எழுதி வைத்திருந்தது: வகை ஒதுக்கியவர் என்று ஒரு வரி, அதற்கு நேரே அக்காவின் முழுப்பெயர், தேதி, நேரம். மாலை மூன்று நாற்பது. அந்த மூன்று நாற்பதுக்கு அவர் தரை கழுவிக்கொண்டிருந்ததை மேலாளரும் பார்த்தவர்தான்.

"இது உங்க பேருதான?"

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு வளையத்துக்கு எதிரே தன் பெயர் ஏன் வந்தது என்று அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு என்னைப் பார்த்தார். "பேரு என்னுதுதான் சார். இத நான் போடல. இதெல்லாம் வெளிய நிக்கணும்னுதான் சொல்லிட்டுப் போனேன். சார்கிட்ட கேளுங்க." தம்பி என்ற சொல் அந்த அறைக்குள் வரவில்லை.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நாலு மணிக்குள் முடிக்கச் சொன்ன வாயும், முடித்துக் கொடுத்த கையும் ஒரே அறையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. என் நிறுவனத்தின் ஒப்பந்தம், என் வேலை, என் வீட்டுக் கடன் எல்லாம் என் தொண்டையில் வந்து நின்றதாகப் பிறகு எனக்கே பல முறை சொல்லிக்கொண்டேன். அந்தக் கணத்தில் அப்படி எதுவும் நிற்கவில்லை. தொண்டை சுத்தமாகத்தான் இருந்தது.

"அவங்க குடுத்ததத்தான் நான் ஏத்தினேன்" என்றேன்.

கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்ததை அக்கா சொல்லவில்லை; சொன்னால் அதுவும் ஒரு குற்றமாகும் என்று தெரிந்திருக்கும். தானாக விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஆலையின் கேட்டைத் தாண்டிப் போனபோது கையில் சாப்பாட்டு டப்பாவும் ஒரு துணிப்பையும் இருந்தன. காவலாளி வழக்கம்போல் பையைத் திறந்து காட்டச் சொன்னார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். திறந்து காட்டினார்.

அதன்பிறகு அந்த முந்நூறு வரிகளையும் நானே பிரித்தேன். எந்த வளையம் எந்த ரப்பர் என்று தயாரித்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஐந்து நாளில் முடித்தேன். ஐந்தே நாள். வேறு ஆலைகளுக்குப் போனேன், வேறு பட்டியல்கள். வகைக்கான கட்டம் காலியாக வரும்போதெல்லாம் விரல் தயங்கும், பிறகு தயங்காது. மனிதனுக்கு எல்லாம் பழகிவிடும் என்பதைவிட அருவருப்பான ஒன்றை என்னைப் பற்றி நான் கண்டுபிடிக்கவில்லை. இரவில் தூங்கினேன். கடற்கரையில் நடந்தேன். சுதந்திர தினத்துக்குக் கொடி குத்திக்கொண்டேன்.

நான்கு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டைக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. ஒரு தையல் கூடத்திலிருந்து வாங்கி வந்து வீட்டிலேயே பட்டன் தைத்துக் கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நாற்காலியில் இருந்த சட்டைகளைத் தரைக்கு மாற்றினார். உட்கார்ந்தேன். நான்கு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். பிரித்துப் பிரித்து, மூன்று நாற்பதிலிருந்து. அவர் தைத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"அன்னிக்கு ரூம்லயா?"

"போன்லயே. விட்டுட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நேரம் எடுத்தீங்க. அதுல தெரிஞ்சிது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஃபிட்டருக்கு ஒரு போன் அடிச்சி, எந்த ரிங்கும் எடுக்காத, நான் வந்து தரேன்னு சொல்லிருக்கணும். நெனச்சேன். உள்ள பொண்ணு கத்துது. சொன்னா சொன்னதுதான், நம்பலாம்னு வுட்டுட்டேன். எனக்கும் அது இருக்கு சார். உங்களுக்கு மட்டும் இல்ல."

நான் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. என் பாரத்தை இறக்கி வைக்க வந்த இடத்தில், அவர் தன்னுடையதையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். இரண்டும் என் கையால் ஆனவை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் அடுத்த சட்டையை எடுத்தார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன் அவுர. மூஞ்சி திருப்பிக்கினாரு. ஒண்ணா டீ குடிச்ச மனுஷன். அப்பறம் குருசுக்குப்பம் வூட்டுக்கும் ரெண்டு தடவ போனேன். அவுரு சம்சாரம் வாசல்லயே நிறுத்தி, இன்னும் இன்னா இருக்குன்னு வந்தன்னு கேட்டுச்சு. நான் போடலன்னேன். கம்ப்யூட்டர்ல உன் பேருதான இருக்குதுன்னுச்சு. அதுக்கு மேல நான் இன்னா சொல்ல."

வேலை போனதைப் பற்றி அவர் பேசவே இல்லை. சீருடைக் குவியலைப் பற்றியும் இல்லை. ஊரில் ஒரே ஒரு மனிதர் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவருக்கு ஆறவில்லை. அதை மாற்றக்கூடியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் என்பதும் அந்த அறையில் எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது. நான் ஃபிட்டரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். அக்கா தலையை நிமிர்த்திக் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். நான் சொல்வதை நம்பலாமா என்று இரண்டாவது முறையாக எடைபோட்டிருப்பார்.

கருவடிக்குப்பத்திலிருந்து குருசுக்குப்பத்துக்கு வண்டியில் பத்து நிமிஷம். அக்காவைப் பார்த்துவிட்டு வந்து மூன்று வருஷமாகிறது. இரண்டு முறை அந்தத் தெரு முனை வரை போயிருக்கிறேன். ஒரு முறை மழை. ஒரு முறை, வலைகளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர்தானா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளும் முன்பே வண்டியைத் திருப்பிவிட்டேன். நாளை போகலாம் என்று இன்றைக்கும் நினைத்தேன். இதை எழுதுவது போவதற்குப் பதிலாகத்தானோ என்று ஒரு சந்தேகம் வருகிறது, சந்தேகம்கூட இல்லை. இதை அவரால் படிக்க முடியாது.

அன்று நான் கிளம்பியபோது அக்கா வாசல்வரை வந்தார். மடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு வேலையை ஒப்படைக்கும் குரலில், என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"காலைல போங்க. சாயந்தரமானா அவுருக்குக் கண்ணு வலி எடுத்துக்கும், யார்கிட்டயும் பேசமாட்டாரு."